சுழலாத வட்டு பிறந்த கதை

என்னிடம் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் செய்தது. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும் கனம். அதன் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டுவிட்டது. ஆன் செய்தால் 'டக்... டக்...' என்று இரண்டு தட்டுத் தட்டும், பிறகு அடங்கிவிடும். அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கேமராக்காரர்கள் ஒரு காலத்தில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்த காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஒன்றைச் சின்ன அடாப்டரில் செருகி அந்த இடத்தில் வைத்தேன். 512 எம்பி கார்டு. செட்டப் திரைக்குப் போனதும், புதிதாக வந்திருப்பது யார் என்று லேப்டாப் எழுதிக் காட்டியது: சிலிண்டர் 993, ஹெட் 16, செக்டர் 63.

ஹார்ட் டிஸ்க்கில் தகடுகள் சுழலும். தகட்டில் எத்தனை வட்டங்கள் என்பது சிலிண்டர், ஒரு வட்டத்தில் எத்தனை துண்டுகள் என்பது செக்டர். தகட்டின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு ஹெட் உண்டு. 16 ஹெட் என்றால் எட்டுத் தகடுகள். நான் வைத்த கார்டின் கனமோ 3.3 மில்லிமீட்டர். அதற்குள் தகடும் இல்லை, ஹெட்டும் இல்லை, சுழல்வதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் கார்டு கூசாமல் கணக்குச் சொல்கிறது, லேப்டாப்பும் கேட்டுக்கொள்கிறது.

நடுவில் இருக்கும் அடாப்டர்தான் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறதோ என்று அதைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சின்ன விளக்கு, ஓரிரண்டு ரெசிஸ்டர். மற்றபடி இந்தப் பக்கத்துப் பின்னிலிருந்து அந்தப் பக்கத்துப் பின்னுக்கு ஓடும் செம்புக் கோடுகள்தான். சிப் என்று ஒன்றுகூட இல்லை. அப்படியானால் பொய் கார்டின் வயிற்றிலிருந்தே வருகிறது. படம் பிடிக்கப் பிறந்த கார்டுக்கு ஹார்ட் டிஸ்க் பாஷையை யார் கற்றுக்கொடுத்தது?

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். இந்தக் கல்யாணத்துக்கும் அந்த அளவு பொய் தேவைப்பட்டது. முதல் பொய்க்கு இடம் போட்டுக் கொடுத்தது 1984-இல் வந்த ஒரு கம்ப்யூட்டர்.

அரை பைட் இடம்

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் பிசி ஏடி என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் மேல்வகை மாடலில் 20 எம்பி ஹார்ட் டிஸ்க் இருந்தது. அன்றைய டிஸ்க்குக்குச் சொந்தப் புத்தி கிடையாது. தகட்டைச் சுழற்றும், சொன்ன இடத்துக்கு ஹெட்டை நகர்த்தும், அவ்வளவுதான். எங்கே எழுதுவது, எங்கே படிப்பது என்ற கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் தனியாகச் செருகிய கண்ட்ரோலர் பலகையின் பொறுப்பு. அதைச் செய்து கொடுத்தது வெஸ்டர்ன் டிஜிட்டல்.

மாட்டியிருக்கும் டிஸ்க்கில் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால்தான் வேலை நடக்கும். அதைக் குறித்துவைத்த இடம் கடிகாரச் சிப். கரண்ட் போனாலும் நேரம் மறக்காமல் இருக்க பேட்டரியில் ஓடுகிற அந்தச் சிப்பில் மொத்தம் 64 பைட் நினைவகம். கடிகாரம் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக, முதல் டிஸ்க்கின் வகையைக் குறிக்கக் கிடைத்தது அரை பைட், அதாவது 4 பிட். நாலு பிட்டில் 15-க்கு மேல் எண்ண முடியாது. அதனால் ஐபிஎம் ஒரு பட்டியல் போட்டது: ஒன்றாம் வகை டிஸ்க்குக்கு இத்தனை சிலிண்டர், இரண்டாம் வகைக்கு இத்தனை என்று மொத்தம் 14 வகை. உங்கள் டிஸ்க் இந்தப் பதினாலில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நெருங்கிய ஒன்றைச் சொல்லிச் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏடி விட்டுப்போன இன்னொரு சொத்து எட்டுக் கதவுகள். மென்பொருள் கண்ட்ரோலரோடு பேச எட்டு முகவரிகளை ஒதுக்கியிருந்தார்கள். சிலிண்டர் எண்ணை இந்தக் கதவில் சொல், ஹெட் எண்ணை அந்தக் கதவில் சொல், கட்டளையைக் கடைசிக் கதவில் கொடு என்கிற ஏற்பாடு. பலகை மாறியது, டிஸ்க் மாறியது, கம்பெனிகள் வந்து போயின. இந்த எட்டுக் கதவு மட்டும் நகரவில்லை.

புத்தி இடம் மாறியது

1986-இல் காம்பாக் நிறுவனமும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. கண்ட்ரோலரைத் தனிப் பலகையிலிருந்து எடுத்து டிஸ்க்கின் அடியிலேயே ஒட்டிவிட்டார்கள். இதற்கு ஐடிஇ என்று பெயர். மென்பொருளைத் திருத்தாமல் இது நடக்க வேண்டும் என்பதால் அதே எட்டுக் கதவுகளை டிஸ்க் தன் பக்கம் வைத்துக்கொண்டது. கம்ப்யூட்டரிலிருந்து 40 கம்பி நாடா ஒன்று டிஸ்க்குக்குப் போகும். ஏடி கம்ப்யூட்டரின் ஸ்லாட்டை நீட்டிவிட்டது போன்ற ஏற்பாடு என்பதால், பிற்பாடு இதைத் தரப்படுத்தியபோது ஏடிஏ என்று பெயர் வைத்தார்கள். முதல் இரண்டு எழுத்தும் அந்த 1984 கம்ப்யூட்டருடையவை.

புத்தி டிஸ்க்குக்குள் வந்ததும் பொய் சொல்லும் வசதியும் கூடவே வந்தது. தகட்டின் வெளிவட்டம் பெரியது, உள்வட்டம் சிறியது. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் செக்டர் போட்டால் வெளிவட்டத்தில் இடம் வீணாகும். எனவே வெளிவட்டத்தில் அதிகம், உள்ளே வர வரக் குறைவு என்று அடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் 'ஒரு வட்டத்துக்கு இத்தனை செக்டர்' என்று ஒரே ஒரு எண்ணைக் கேட்கத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதனால் டிஸ்க் உள்ளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வெளியே வேறொரு கணக்கு சொன்னது. கேட்ட செக்டர் சரியாக வந்து சேர்கிறவரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

1988-இல் அமெரிக்காவின் கொலராடோவில் இருந்த பிரெய்ரிடெக் என்ற கம்பெனி 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 20 எம்பி. லேப்டாப் டிஸ்க்கின் உருவம் இதுதான் என்று பிறகு நிலைத்துவிட்டது. லேப்டாப்பில் தனியாக மின்கம்பி இழுக்க இடமில்லாததால் 40 பின்னோடு மின்சாரத்துக்கான பின்களையும் சேர்த்து 44 ஆக்கினார்கள். ஒன்றோ இரண்டோ தகடு மட்டுமே இருக்கும் இந்தக் குட்டி டிஸ்க்குகளும் '16 ஹெட்' என்று சொல்லிப் பழகின. ஆகவே என் லேப்டாப் அன்று கேட்டது அதற்குப் பழகிப்போன பொய்தான்.

ஒரே மின்னலில் அழிவது

மாப்பிள்ளை வீடு ஜப்பானில் இருந்தது. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா, 1984 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மின்னணுச் சாதனங்கள் மாநாட்டில் ஒரு புது வகை நினைவகத்தைப் பற்றிக் கட்டுரை படித்தார். மின்சாரம் போனாலும் எழுதியது அழியாது. அழிக்க வேண்டுமென்றால் ஒரு பெரும்பகுதியை ஒரே வீச்சில் அழிக்கலாம். அது கேமரா ஃபிளாஷ் மின்னுவது போல இருக்கிறதே என்று உடன் பணியாற்றிய ஷோஜி அரிஇசுமி சொன்னதால் ஃபிளாஷ் என்ற பெயர் வந்தது. 1987-இல் மசுவோகாவின் குழு, இன்று போன் முதல் பென் டிரைவ் வரை இருக்கும் நேண்ட் வகையை அறிமுகம் செய்தது.

குணத்தில் இதற்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஏழாம் பொருத்தம். டிஸ்க்கில் ஒரு 512 பைட் செக்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் அதே இடத்தில் மேலெழுதலாம். ஃபிளாஷில் எழுதிய இடத்தில் மறுபடி எழுத வேண்டுமானால் அது இருக்கும் பிளாக் முழுவதையும் முதலில் அழித்தாக வேண்டும். அழித்து அழித்து எழுதினால் அந்த இடம் தேய்ந்தும் போகும். இதை நேராக டிஸ்க்கின் இடத்தில் வைத்தால் ஒரு நாள் குடித்தனம் நடக்காது. நடுவில் ஒரு தரகர் வேண்டும்.

அந்தத் தரகர் வேலையைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் கலிபோர்னியாவில் 1988-இல் சன்டிஸ்க் என்ற கம்பெனியை ஆரம்பித்த எலி ஹராரி, சஞ்சய் மெஹ்ரோத்ரா, ஜாக் யுவான் மூவரும். ஃபிளாஷ் சிப்புக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ட்ரோலரை வைத்தார்கள். வெளியே அது டிஸ்க் மாதிரி பேசும். உள்ளே, தேய்ந்த இடத்தை ஒதுக்குவது, எழுதுவதைப் புது இடத்துக்கு மாற்றிவிடுவது, எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைப்பது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் கேட்கும் 'சிலிண்டர் 5, ஹெட் 3' எல்லாம் அந்தக் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும் முகவரிகள்.

1991-இல் இந்த முறையில் செய்த 20 எம்பி ஃபிளாஷ் டிரைவை ஐபிஎம்முக்குக் கொடுத்தார்கள். விலை சுமார் 1,000 டாலர். அதாவது எம்பி ஒன்றுக்கு 50 டாலர். சாதாரண மனிதர் வாங்கும் சரக்கில்லை. ஆனால் சுழலாத வட்டு என்ற உருப்படி பிறந்துவிட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸோடு குழம்பக் கூடாது என்பதால் கம்பெனி பெயர் 1995-இல் சான்டிஸ்க் ஆனது.

ஒன்பதாம் பின்

1994-இல் அதே கம்பெனி வெளியிட்டதுதான் காம்பாக்ட் ஃபிளாஷ். 43-க்கு 36 மில்லிமீட்டர், 50 பின். லேப்டாப்களில் அப்போது செருகிக்கொண்டிருந்த 68 பின் பிசி கார்டின் குறுகிய வடிவம் அது. இந்தக் கார்டு மூன்று விதமாகப் பேசும். இரண்டு விதம் பிசி கார்டு வழி வந்தவை. மூன்றாவதற்கு 'ட்ரூ ஐடிஇ' என்று பெயர்.

எந்த விதத்தில் பேசுவது என்பதைக் கார்டு முடிவு செய்யும் முறை எளிமையானது. மின்சாரம் வந்த அந்த நொடியில் தன் ஒன்பதாம் பின்னைப் பார்க்கும். அது கிரவுண்டோடு இணைந்திருந்தால், 'சரி, நான் இப்போது ஹார்ட் டிஸ்க்' என்று வேஷம் கட்டிக்கொள்ளும். 1984-இன் எட்டுக் கதவுகளும் அந்தக் கணமே அதன் முகத்தில் திறந்துகொள்ளும்.

அடாப்டரில் ஏன் சிப் இல்லை என்பது இப்போது விளங்கும். 50 பின்னில் வேண்டியவற்றை 44-க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கோடுகள், ஒன்பதாம் பின்னைக் கிரவுண்டில் கட்டும் ஒரு கோடு. அதன் புத்தி முழுவதும் அந்த ஒரு முடிச்சில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. அதிர்ச்சியும் தூசியும் நிறைந்த தொழிற்சாலை இயந்திரங்களில் டிஸ்க் தாங்காது என்று கார்டை வைத்து ஓட்டினார்கள். அந்த வழியில் புழங்கிய அடாப்டரைத்தான் பழைய லேப்டாப்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

கார்டுக்குள் கண்ட்ரோலர் வைத்தது எவ்வளவு தூரம் உதவியது என்பதற்கு அதே காலத்து ஸ்மார்ட் மீடியா கார்டு சாட்சி. தோஷிபா 1995-இல் கொண்டுவந்த அந்தக் கார்டு வெறும் ஃபிளாஷ் சிப். கண்ட்ரோலர் வேலையைக் கேமராதான் செய்ய வேண்டும். பெரிய கார்டு வந்தபோது பழைய கேமராக்கள் அதைப் படிக்கத் தெரியாமல் முழித்தன. 128 எம்பியோடு அந்த வம்சம் நின்றது. காம்பாக்ட் ஃபிளாஷோ உள்ளே சிப் மாறினாலும் வெளியே அதே பேச்சைப் பேசியது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2008-இல் அறிவித்த சிஃபாஸ்ட் கார்டும் பார்க்க அசப்பில் இதே உருவம்தான். ஆனால் அது பேசுவது சேட்டா என்ற வேறு பாஷை. எட்டுக் கதவு அதற்குத் தெரியாது. எஸ்டி கார்டையோ எம்சேட்டா டிரைவையோ பழைய லேப்டாப்பில் வைக்க விற்கும் அடாப்டர்களில் மொழிபெயர்க்கும் சிப் ஒன்று கட்டாயம் இருக்கும்.

இரண்டு வீட்டு நிபந்தனை

கதவு திறந்ததால் மட்டும் காரியம் முடிந்துவிடவில்லை. எவ்வளவு பெரிய கார்டு வைக்கலாம் என்பதில் ஒரு பழைய தகராறு இருக்கிறது.

கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்க்கோடு பேசுவது பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள். அதன் ஏற்பாட்டில் சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட். டிஸ்க் பக்கம் ஐடிஇ வைத்துக்கொண்டது சிலிண்டருக்கு 16, ஹெட்டுக்கு 4, செக்டருக்கு 8. தனித்தனியே பார்த்தால் இரண்டும் தாராளம். சேர்ந்து வாழும்போது ஒவ்வொன்றிலும் குறைந்ததுதான் செல்லும். சிலிண்டர் 1024, ஹெட் 16, செக்டர் 63. செக்டரை 1 முதல் எண்ணுவதால் 64 இல்லை. பெருக்கினால் 10,32,192 செக்டர், செக்டருக்கு 512 பைட் வீதம் 52,84,82,304 பைட். ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறவர் இதை 528 எம்பி என்பார், 1024 கணக்கில் எண்ணுகிறவர் 504 என்பார். பழைய லேப்டாப்காரர்கள் வாயில் 504 என்ற எண்தான் அதிகம் புழங்கும்.

நான் 512 எம்பி கார்டைத் தேடிப் பிடித்த காரணம் இதுதான். கார்டு கம்பெனிகள் எண்ணுவது ஆயிரக் கணக்கில். அதனால் 993 சிலிண்டரோடு அது முடிந்துவிடுகிறது. 1024 என்ற கூரைக்குக் கீழே 31 சிலிண்டர் இடைவெளியில் தலை இடிக்காமல் நுழைந்துவிடும்.

4 ஜிபி கார்டுதான் கையில் இருக்கிறது என்றால் சில லேப்டாப்கள் முதல் 504 எம்பியை மட்டும் காட்டும், சில தவறாக எண்ணும், சில அங்கேயே உறைந்துவிடும். வகைப் பட்டியல் மட்டும் உள்ள இன்னும் பழைய லேப்டாப்பில், பட்டியலில் இருக்கும் பெரிய வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 'இத்தனை ஹெட், இத்தனை செக்டர் என்று வைத்துக்கொள்' என்று பயாஸ் கார்டுக்கு உத்தரவு போடும். பெரும்பாலான கார்டுகள் அதற்கும் தலையாட்டி அந்தக் கணக்குக்கு மாறிக்கொள்ளும். மீதி இடம் கிடந்துபோகும். கூரையையே உயர்த்த நினைத்தவர்கள், பூட் ஆகும்போது பயாஸுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் மென்பொருளை நாடினார்கள். 1990களில் ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் அப்படி ஓடியது.

பிற்பாடு வந்த பயாஸ்கள் ஒரு புதுப் பொய்யால் இந்தச் சிக்கலை அவிழ்த்தன. டிஸ்க் சொன்ன 16 ஹெட்டை 255 ஹெட் என்று மாற்றி மேலே சொல்லின. அப்படி எண்ணினால் 8.4 ஜிபி வரை போகலாம். 255 ஹெட்டுக்கு 128 தகடு வேண்டும், அப்படி ஒரு டிஸ்க்கை யாரும் செய்ததில்லை. இந்த 255-தான் என்னைக் கவிழ்த்தது.

மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்

கார்டைப் புது கம்ப்யூட்டரில் யுஎஸ்பி ரீடர் வழியாகச் செருகி, பகுதி பிரித்து, ஃபார்மட் செய்து, டாஸ் கோப்புகளை எல்லாம் ஏற்றி எடுத்துவந்திருந்தேன். லேப்டாப் கார்டை அடையாளம் கண்டது, 993 என்று எழுதியது, பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: 'மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்'. கார்டை எடுத்துப் புது கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாக் கோப்பும் பத்திரமாக இருக்கிறது. திரும்ப லேப்டாப்பில் வைத்தால் அதே வரி.

பூட் என்பது சின்னச் சின்னக் கைமாற்றம். பயாஸ் முதல் செக்டரின் 512 பைட்டை எடுத்து நினைவகத்தின் 31,744-ஆவது இடத்தில் வைக்கும். கடைசி இரண்டு பைட்டில் அடையாள முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருக்கும் குட்டி நிரலிடம் பொறுப்பைக் கொடுக்கும். அந்த நிரல், எந்தப் பகுதி ஆக்டிவ் என்று பார்த்து, அது தொடங்கும் செக்டரைக் கொண்டுவா என்று பயாஸிடம் கேட்கும். அந்தச் செக்டரிலும் முத்திரை இல்லையென்றால் நான் பார்த்த வரியை எழுதிவிட்டு நின்றுவிடும்.

இன்றைய கருவிகள் வழக்கமாக முதல் பகுதியை 2048-ஆவது செக்டரில் தொடங்கும். 255 ஹெட் கணக்கில் அதன் முகவரி சிலிண்டர் 0, ஹெட் 32, செக்டர் 33. புது கம்ப்யூட்டர் கார்டில் எழுதிவைத்தது அதைத்தான். லேப்டாப்பின் 16 ஹெட் கணக்கிலோ அதே இடம் சிலிண்டர் 2, ஹெட் 0, செக்டர் 33. ஹெட் 0 முதல் 15 வரைதான் அங்கே உண்டு. இல்லாத 32-ஆம் ஹெட்டைக் கேட்டால் அது வேறெங்கோ போய் வெற்றுச் செக்டர் ஒன்றைத் தூக்கிவரும். ஒரே கார்டுக்கு இரண்டு வீட்டில் இரண்டு கணக்கு. இந்த வீட்டு முகவரிச் சீட்டோடு அந்த வீட்டுத் தெருவில் நான் கதவு தட்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் தெரிந்த பிறகு வேலை அரை மணி நேரம்தான். கார்டின் முதல் செக்டர் முழுவதையும் பூஜ்யமாக்கினேன். முத்திரை அழிந்திருந்தால்தான் டாஸில் பகுதி பிரிக்கும் பழைய எஃப்டிஸ்க் அந்தக் குட்டி நிரலைப் புதிதாக எழுதும். பிறகு லேப்டாப்பை டாஸ் ஃபிளாப்பியில் பூட் செய்து, அதன் கையாலேயே பகுதியைப் பிரிக்க வைத்து, ஆக்டிவ் ஆக்கி, மறுபடி ஸ்டார்ட் செய்து, சிஸ்டம் கோப்புகளோடு ஃபார்மட் செய்தேன். இந்த முறை எண்ணியதும் எழுதியதும் படிக்கப்போவதும் ஒரே ஆள்.

ஃபிளாப்பியை வெளியே எடுத்துவிட்டு ஆன் செய்தேன். நினைவகத்தை எண்ணி முடித்தது. பழைய டிஸ்க் என்றால் இந்த இடத்தில் மோட்டார் விசிலடித்து வேகம் பிடிக்கும், ஹெட் கரகரக்கும். இப்போது அடாப்டரின் சின்ன விளக்கு மட்டும் இரண்டு முறை சிமிட்டியது. சத்தமே இல்லாமல் சி டிரைவின் குறி வந்து கர்சர் துடித்தது.

கார்டு சொன்ன பொய் என்னைத் தடுக்கவில்லை. 16 ஹெட் பொய், 993 சிலிண்டர் பொய், அதற்கு முந்தைய டிஸ்க்குகள் சொன்னதும் பொய்தான். அவற்றின் மேல்தான் இத்தனை வருஷமும் ஒரு கோப்பும் தொலையாமல் வண்டி ஓடியிருக்கிறது. ஆயிரம் பொய் சொல்லலாம் என்ற பெரியவர்கள், இரண்டு வீட்டிலும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டது ஏனென்று தெரியவில்லை. கல்யாணம் செய்து பார்த்தவர்களுக்கு அது தனியாகச் சொல்ல வேண்டியதில்லையோ என்னவோ.